பெட்ரோலுக்கு மருந்து வேண்டுமா?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சிறு குப்பியைப் பற்றியது. மோட்டார் சைக்கிள் உதிரிப் பொருள்கள் விற்கும் கடைகளில், கண்ணாடி அலமாரியின் முன்வரிசையில், இருமல் மருந்துக் குப்பியை ஒத்த உருவில் அது நிற்கும். அதன்மேல் தீக்கொழுந்து ஒன்றோ, பாயும் சிறுத்தை ஒன்றோ வரையப்பட்டிருக்கும். ‘ஆக்டேன் பூஸ்டர்’ என்பது அதன் பெயர். பெட்ரோல் டாங்கியில் ஒரு குப்பி ஊற்றினால் வண்டி மிகுவிசையுடன் பாயும், மைலேஜ் கூடும், எஞ்சின் நீடித்து உழைக்கும் என்று அதன் மேலுறை கூறுகின்றது. ஒரே மருந்து தலைவலி, வயிற்றுவலி, கால்வலி மூன்றையும் தீர்க்கும் என்று சந்தையில் ஒருவன் கூவினால் நாம் சற்றே புன்முறுவல் செய்துவிட்டு அப்பால் நகர்வோம். ஆனால் அதே கூற்று வேதியியற் பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டு வருமானால், கல்லூரியில் வேதியியல் பயிலும் மாணவர்கூடப் பணப்பையைத் திறந்துவிடுகின்றனர்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பௌதிகமும் வேதியியலும் கற்பித்தவன். எஞ்சினைப் பிரித்து மாட்டும் கைத்திறன் உடையவன் அல்லன். எனினும் இக்குப்பி விடுக்கும் வினா, மெக்கானிக்கிடம் மட்டும் கேட்டு அறியத்தக்க வினா அன்று. பதினோராம் வகுப்புப் பாடநூலில் உள்ள அறிவைக் கொண்டே அதற்குப் பெரும்பகுதி விடை காணலாம். அவ்வாறு காண முயல்வோம்.

முதலில் எஞ்சினுக்குள் என்ன நிகழ்கின்றது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். 1876-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நிகோலவுஸ் ஆட்டோ என்பவர் இயக்கிக் காட்டிய நான்கு வீச்சு எஞ்சினின் முறையைத்தான் இன்றைய மோட்டார் சைக்கிள்களும் பின்பற்றுகின்றன. பிஸ்டன் முதல் வீச்சில் காற்றையும் பெட்ரோல் ஆவியையும் உள்ளிழுக்கின்றது. இரண்டாம் வீச்சில் அக்கலவையை அமுக்குகின்றது. மின்பொறி தோன்றிக் கலவை எரிய, மூன்றாம் வீச்சில் பிஸ்டன் உந்தப்படுகின்றது. நான்காம் வீச்சில் புகை வெளியேறுகின்றது. இந்த இரண்டாவது வீச்சில்தான் நம் கதையின் கரு அடங்கியிருக்கின்றது. எவ்வளவு மிகுதியாக அமுக்குகின்றோமோ அவ்வளவு மிகுதியாக எரிபொருளின் வெப்பத்தை வேலையாக மாற்றலாம். கணக்கில் ஆர்வமுள்ள மாணவர், அமுக்க விகிதம் 8 ஆக இருந்தால் நூலிற் கூறும் இலட்சிய எஞ்சினின் பயன்திறன் ஏறத்தாழ 56 விழுக்காடு என்றும், விகிதம் 10 ஆனால் 60 விழுக்காடு என்றும் தாமே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். உண்மை எஞ்சின் இதில் பாதியளவு தந்தாலே நாம் மகிழவேண்டும். அது வேறு கதை.

அங்ஙனமாயின் அமுக்கத்தை விருப்பம்போல் உயர்த்திக்கொண்டே போகலாமே என்று கேட்பீர்கள். அதுதான் முடியாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டறிந்திருப்பீர்கள். அமுக்கப்பட்ட வாயு சூடேறும். எஞ்சினில் இச்சூடு நூற்றுக்கணக்கான பாகைகள். மின்பொறி தோன்றிய இடத்திலிருந்து தீ, ஒரு வரிசையாக, சிலிண்டரின் மறுகோடிவரை பரவவேண்டும், அதுவே முறை. ஆனால் மறுகோடியில் காத்திருக்கும் கலவை, முன்னரே அமுக்கத்தால் சூடேறியிருப்பதோடு, பரவிவரும் தீயினால் மேலும் நெருக்கப்பட்டு, தன் முறை வருமுன் தானாகவே பற்றி வெடித்துவிடுவதுண்டு.

கோயில் திருவிழாவில் சரவெடி கொளுத்துவதை நினைத்துப் பாருங்கள். திரி வழியே தீ ஓட, வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக வெடித்துச் செல்லும். ஒருகால் எங்கிருந்தோ பொறி பறந்து கடைசிக் கட்டில் விழுந்துவிட்டால், மிச்சமிருக்கும் வெடிகள் எல்லாம் ஒரே கணத்தில் சிதறும். எஞ்சினுக்குள் நிகழும் இவ்விபத்துக்கு ‘நாக்கிங்’ என்பது பெயர். தமிழில் தட்டல் எனலாம். மேட்டில் ஏறும்போது, வெண்கலக் கிண்ணத்தில் கூழாங்கற்களைக் குலுக்கினாற்போன்ற ஓசை கேட்டால், அதுவே தட்டல். ஓசை சிறிதாயினும் அதன் விளைவு சிறிதன்று. அழுத்த அலைகள் சிலிண்டர்ச் சுவரில் மோதி மீண்டும் மீண்டும் எதிரொலிக்கின்றன. அச்சுவரைக் காக்கும் மெல்லிய குளிர்ந்த வாயுப்படலம் கலைந்துபோகின்றது. பிஸ்டனின் தலை அளவுக்கு மீறிச் சூடேறுகின்றது. நீண்ட நேரம் தட்டிக்கொண்டே ஓடினால் பிஸ்டன் துளைபடுவதும் உண்டு. எஞ்சின் நிமிடத்திற்கு 6000 சுற்றுச் சுழலும்போது ஒரு வீச்சுக்குக் கிடைக்கும் காலம் நொடியில் 200-இல் ஒரு பங்கு என்பதை எண்ணினால், இத்துணைச் சிறிய காலத்தில் ஒழுங்காக எரிவதே ஒரு வியப்பு என்று தோன்றும்.

முதல் உலகப் போரின் பிற்பகுதியிலும் அதனை அடுத்தும், ஹாரி ரிக்கார்டோ என்னும் ஆங்கிலப் பொறியாளர் இத்தட்டலை விரிவாக ஆராய்ந்தார். அமுக்க விகிதத்தை வேண்டியவாறு மாற்றிக்கொள்ளத்தக்க எஞ்சின் ஒன்றை அமைத்து, ஒவ்வோர் எரிபொருளும் எந்த அளவுவரை தட்டாமல் தாங்கும் என்று சோதித்தார். அமெரிக்காவில் கிரகாம் எட்கர் என்னும் வேதியியலார் 1926-ஆம் ஆண்டில் இத்தாங்கும் தன்மைக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். ஐசோஆக்டேன் என்னும் பொருள் எளிதில் தட்டாது. அதற்கு 100 மதிப்பெண். நார்மல் ஹெப்டேன் மிக எளிதில் தட்டும், அதற்கு 0. சோதிக்கவேண்டிய பெட்ரோல், இவ்விரண்டையும் எந்த விகிதத்தில் கலந்த கலவையை ஒத்து நடந்துகொள்கின்றதோ, அவ்விகிதமே அதன் ஆக்டேன் எண். 91 ஆக்டேன் பெட்ரோல் என்றால், 91 பங்கு ஐசோஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை எவ்வளவு பொறுக்குமோ அவ்வளவு பொறுக்கும் என்பது பொருள். அதனுள் ஆக்டேன் 91 பங்கு இருக்கின்றது என்பது பொருளன்று. பலர் இங்கே தவறுகின்றனர்.

பூச்சியம் பெற்ற ஹெப்டேனைப் பற்றிச் சுவையான செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவின் மேற்குப் பகுதி மலைகளில் வளரும் ஜெஃப்ரி என்னும் ஒருவகைப் பைன் மரத்தின் பிசினை வடித்தால் ஏறக்குறையத் தூய ஹெப்டேன் கிடைக்கின்றது. வேறு பைன் மரம் என்று மயங்கி இதன் பிசினைக் காய்ச்சியவர்களின் வாலைகள் வெடித்த வரலாறும் உண்டு. ஆக்டேன் அளவுகோலின் ஒரு முனை ஒரு காட்டு மரத்திலிருந்து வந்தது என்பதை என் வகுப்பில் கூறும்போதெல்லாம் தூங்கும் மாணவனும் நிமிர்ந்து உட்காருவான்.

இனி, இப்பேச்சின் மையக் கருத்துக்கு வருகின்றேன். ஆக்டேன் எண் என்பது எரிபொருளின் வலிமையைக் குறிப்பதன்று. அதன் பொறுமையைக் குறிப்பது. ஐசோஆக்டேன் ஒரு கிலோகிராம் எரிந்தால் வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 44.3 மெகாஜூல். ஹெப்டேன் ஒரு கிலோகிராம் எரிந்தால் 44.6 மெகாஜூல். நூறு மதிப்பெண் பெற்றதைவிடப் பூச்சியம் பெற்றது இம்மியளவு மிகுதியாகவே வெப்பம் தருகின்றது! எத்தனாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆக்டேன் எண் நூற்றுக்கு மேற்பட்டது; ஆனால் ஒரு கிலோகிராம் தரும் வெப்பமோ சுமார் 27 மெகாஜூல்தான். ஆகவே, ஆக்டேன் கூடினால் ஆற்றல் கூடும் என்னும் எண்ணம் அடிப்படையிலேயே பிழைபட்டது.

அவ்வாறாயின் உயர் ஆக்டேன் பெட்ரோலுக்குப் பயனே இல்லையோ எனின், அப்படியும் இல்லை. மிகுதியாக அமுக்கும் எஞ்சினுக்குப் பொறுமைமிக்க எரிபொருள் இன்றியமையாதது. பந்தய வண்டிகளும், அமுக்க விகிதம் 12-ஐத் தாண்டும் சில உயர்விசை மோட்டார் சைக்கிள்களும் அவ்வகையின. அவற்றின் கையேட்டில் 95 என்று எழுதியிருந்தால் 95 ஊற்றுவதுதான் முறை. நம் நாட்டில் நெடுங்காலமாகச் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண் 91 ஆக இருந்தது. அதற்கு மேல் 95 உடையதும் பல பங்குகளிற் கிடைக்கின்றது. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் 100 ஆக்டேன் பெட்ரோலையும் சில நகரங்களில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் நம் மாணவர்களும் அவர்தம் தந்தையரும் ஓட்டும் நூறு சி.சி., நூற்றைம்பது சி.சி. வண்டிகள் 91-க்கென்றே வகுக்கப்பட்டவை. அவற்றின் அமுக்க விகிதம் பெரும்பாலும் 10-ஐ ஒட்டியே நிற்கும். 91-இல் தட்டாத எஞ்சினில் 97 ஊற்றுவது, முழங்கால் ஆழமுள்ள ஓடையைக் கடக்கத் தோணி வாங்குவதைப் போன்றது.

இவ்விடத்தில் சிலர், எஞ்சினுக்குள் உள்ள கணிப்பொறி உயர்ந்த பெட்ரோலைக் கண்டறிந்து தன்னை மாற்றிக்கொள்ளும் என்பர். தட்டலைக் கேட்டறியும் உணரி பொருத்திய எஞ்சினில் இது ஓரளவு உண்மை. அது தட்டல் இல்லாதபோது மின்பொறியைச் சற்று முன்கூட்டியே தோன்றச் செய்து சிறிது விசையைக் கூட்டும். ஆனால் நம் சாலைகளில் ஓடும் சிறிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு அவ்வுணரி கிடையாது. பொறி எப்போது தோன்றவேண்டும் என்பது தொழிற்சாலையிலேயே எழுதிவைக்கப்பட்டுவிட்டது. நீங்கள் ஊற்றியது தொண்ணூற்றொன்றா, நூறா என்பதை அந்த எஞ்சின் அறியவே அறியாது.

இன்னுமொரு குழப்பத்தையும் நீக்கிவிடுகின்றேன். அமெரிக்கப் பங்குகளில் 87 என்று எழுதியிருப்பதைப் படத்திற் கண்டு, நம் 91 அதனினும் மிக உயர்ந்தது என்று சிலரும், அமெரிக்க நூலில் 91 வேண்டும் என்றிருப்பதைக் கண்டு நம் சாதாரணப் பெட்ரோலே போதும் என்று வேறு சிலரும் முடிவு செய்கின்றனர். இரண்டும் பிழை. ஆக்டேனை அளக்க ‘ரிசர்ச்’ முறை, ‘மோட்டார்’ முறை என இரண்டு உண்டு. முன்னது எஞ்சினை நிமிடத்திற்கு 600 சுற்றிலும், பின்னது 900 சுற்றில் மேலும் கடுமையான நிலையிலும் ஓட்டி அளப்பது. பின்னதில் எண் குறைவாக வரும். நாம் எழுதுவது முன்னது. அமெரிக்கர் எழுதுவது இரண்டின் சராசரி. அவர்களுடைய 87 ஏறத்தாழ நம்முடைய 91. அவர்களுடைய 91 ஏறத்தாழ நம்முடைய 95.

சரி, நம் குப்பிக்குத் திரும்புவோம். ‘ஐந்து புள்ளிகள் உயரும்’ என்று அதன்மேல் எழுதியிருந்தால், 91 ஆக இருந்தது 96 ஆகிவிடும் என்று நாம் எண்ணுகின்றோம். இவ்வணிகத்திலோ ஒரு புள்ளி என்பது பெரும்பாலும் ஓர் எண்ணில் பத்தில் ஒரு பங்கு. ஐந்து புள்ளி என்றால் அரை எண். 91 ஆனது 91.5 ஆகும். பொய் சொல்லாமலே ஏமாற்றும் கலைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு கணக்கும் போடலாம். டொலுவீன் என்பது உயர்ந்த ஆக்டேன் எண்ணுடைய பொருள். கணக்குக்காக 120 என வைத்துக்கொள்வோம். 91 பெட்ரோலை 95 ஆக உயர்த்த, பத்து லிட்டர்க் கலவையில் அது எவ்வளவு இருக்கவேண்டும்? நாலை இருபத்தொன்பதால் வகுத்தால் விடை கிடைக்கும்: ஏறத்தாழ 1.4 லிட்டர். உள்ளங்கையில் அடங்கும் குப்பி 1.4 லிட்டர் கொள்ளாது. எனவே சிறு குப்பியில் சிறிதேனும் உண்மை இருக்கவேண்டுமானால், மிகச் சிறிய அளவிலேயே பெரிய விளைவைத் தரும் உலோகச் சேர்மம் ஏதேனும் அதில் இருந்தாக வேண்டும். சிலவற்றில் மாங்கனீசுச் சேர்மமும், சிலவற்றில் ஃபெரோசீன் என்னும் இரும்புச் சேர்மமும் இருக்கின்றன. இவை தட்டலை அடக்குவது மெய்யே. ஆனால் உலோகம் எரிந்து மறைவதில்லை. மாங்கனீசும் இரும்பும் ஆக்சைடுகளாகி, செம்மண் பூசியதுபோல ஸ்பார்க் பிளக்கின்மேல் படிகின்றன. படிவு மிகுந்தால் மின்பொறி தாவ வேண்டிய இடத்தில் தாவாமல் படிவின் வழியே கசிந்துவிடும். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 வண்டிகளின் புகைக்குழாயில் வினையூக்கி மாற்றி ஒன்று இருக்கின்றது. புகையின் நச்சைக் குறைக்கும் அதன் நுண்ணிய அறைகளையும் இப்படிவு அடைக்கக்கூடும். அதை மாற்றும் செலவு, ஆயிரம் குப்பிகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லும்.

உலோகத்தைப் பெட்ரோலில் கலப்பதில் உலகம் முன்பு ஒருமுறை மிகக் கசப்பான பாடம் கற்றது. மாணவர் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதனால் சற்று விரித்துக் கூறுகின்றேன். 1921 டிசம்பரில், அமெரிக்காவில் டேட்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி என்பார், டெட்ராஎத்தில் ஈயம் என்னும் திரவத்தைச் சில துளி கலந்தாலே தட்டல் நின்றுவிடுவதைக் கண்டார். 1923-இல் அந்நகரிலேயே ஈயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அதை விற்ற கம்பெனி ‘எத்தில்’ என்று பெயர் வைத்துக்கொண்டது. ஈயம் என்னும் சொல் அப்பெயரில் இல்லை. ஈயம் நஞ்சு என்பதை அக்காலத்து மருத்துவர் அறியாதவரல்லர். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியிலுள்ள ஒரு சுத்திகரிப்பு ஆலையில் இத்திரவத்தைத் தயாரித்த தொழிலாளர் ஐவர், மூளை கலங்கி இறந்தனர். அம்மாத இறுதியில் மிட்ஜ்லி செய்தியாளரை அழைத்து, தம் கைகளையே அத்திரவத்தில் நனைத்துக் காட்டி, தீங்கில்லை என்றார். அவரே அதற்கு முந்திய ஆண்டில் ஈய நஞ்சினால் தாக்குண்டு ஓய்வெடுத்துத் திரும்பியவர்! ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பேராசிரியரான டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் கடுமையாக எச்சரித்தார், கேட்பாரில்லை.

விளைவு என்ன? ஏறத்தாழ நூறாண்டுக் காலம் உலகத்து நகரங்களின் காற்றில் ஈயம் பறந்தது. சாலையோரத்தில் விளையாடிய குழந்தைகள் அதைச் சுவாசித்தனர். குழந்தையின் இரத்தத்தில் சிறிதளவு ஈயம் சேர்ந்தாலும் அதன் அறிவு வளர்ச்சி குன்றும் என்பது பின்னர் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டது. ஈயத்தின் பரவலை அளந்து காட்டிய நிலவேதியியலார் கிளேர் பேட்டர்சன் 1965 முதல் இதற்காகப் பல்லாண்டுகள் போராடினார். இந்தியா முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் மட்டுமே விற்கப்படும் நிலை 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா நாடு 2021-இல் தன் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்பதை நிறுத்தியது. நான் கற்பித்த முதற் சில தலைமுறை மாணவர்கள், பேருந்து நிலையத்தை ஒட்டிய வகுப்பறையில், அந்த ஈயக் காற்றிலேதான் பாடம் படித்தார்கள். தட்டலைத் தணிக்கும் ஆற்றல் சாராயத்திற்கும் உண்டு என்பதை அக்காலத்து ஆய்வாளர் அறிந்திருந்தனர். அதை ஒதுக்கிவிட்டு ஈயத்தைத் தேர்ந்தனர். இன்று நம் பெட்ரோலில் அதே எத்தனால் வந்து சேர்ந்திருக்கின்றது.

சென்ற ஆண்டு என் பழைய மாணவன் ஒருவன் வீட்டிற்கு வந்தான். பகலில் கல்லூரி, மாலை முதல் நள்ளிரவுவரை வீடுகளுக்கு உணவு கொண்டுசேர்க்கும் வேலை. தந்தை இல்லாத குடும்பம். ஒவ்வொரு முறை டாங்கி நிரப்பும்போதும் ஒரு குப்பி ஊற்றுவதாகவும், மைலேஜ் கூடுவதாகவும் சொன்னான். “எவ்வளவு கூடியது, தம்பி?” என்றேன். “கணக்குப் பார்க்கவில்லை, ஐயா, வண்டி லேசாக ஓடுவது தெரிகிறது” என்றான். குப்பிக்கு அவன் மாதந்தோறும் செலவிட்ட தொகை, அவன் தங்கையின் பள்ளிப் பேருந்துக் கட்டணத்துக்கு ஏறத்தாழச் சமம் என்பதைப் பின்னர் இருவரும் எழுதிப் பார்த்தோம்.

நான் அவனுக்கு அறிவுரை கூறவில்லை. ஒரு சோதனையைக் கூறினேன். நண்பன் ஒருவனிடம் குப்பிகளை ஒப்படைத்துவிட வேண்டும். டாங்கி நிரப்பும் ஒவ்வொரு முறையும் நண்பனே மூடியைத் திறந்து, நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் குப்பியை ஊற்றவேண்டும். பூ விழுந்தால் வெறுமனே மூடவேண்டும். ஊற்றினானா இல்லையா என்பதை ஓட்டுபவனிடம் சொல்லலாகாது. ஒரே பங்கில், விளிம்புவரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரையும் லிட்டரையும் நோட்டில் குறித்துவரவேண்டும். இரண்டு மாதம் கழித்து நோட்டையும் நண்பனின் குறிப்பையும் எடுத்துக்கொண்டு வந்தான். குப்பி ஊற்றிய முறைகளுக்கும் ஊற்றாத முறைகளுக்கும் இடையே இருந்த வேறுபாட்டைவிட, ஊற்றாத முறைகளுக்குள்ளேயே இருந்த வேறுபாடு பெரிது. மழைநாள், நெரிசல், பின்னிருக்கையில் பெட்டியின் பாரம் என்று காரணங்கள் பல. வண்டி மிக லேசாக ஓடியதாக அவன் குறித்திருந்த வாரத்தில் நண்பன் ஒரு துளிகூட ஊற்றவில்லை. ஒரு வண்டியில் நடந்த சோதனை உலகத்துக்கே தீர்ப்பாகாது என்பதை அவனுக்கும் சொன்னேன். ஆனால் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனம், எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று கூறப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளையும் கலப்புப் பொருள்களையும் ஆராய்ந்து, பெரும்பயன் தருவது எதையும் காணவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

எல்லாக் கலப்புப் பொருளையும் ஒரே தட்டில் நிறுத்துவது நீதியாகாது. துப்புரவு செய்யும் கலப்புகள் உண்டு. பாலிஈதர் அமீன் போன்றவை எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டரின் வாயிலிலும் வால்வுகளிலும் படியும் பிசினைக் கரைப்பன. அழுக்குச் சேர்ந்த எஞ்சினில் இவை பயன் தருவதை நான் மறுக்கவில்லை. பெட்ரோல் கம்பெனிகள் விற்கும் உயர்வகைப் பெட்ரோலில் இத்தகைய துப்புரவுப் பொருள் முன்னரே கலந்திருப்பதுண்டு. ஆகவே பல்லாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, தேவை கண்டு, வண்டியின் கையேடு தடை செய்யாதபோது பயன்படுத்தலாம்; டாங்கிக்கு ஒருமுறை என்பது நோயில்லாதவன் நாள்தோறும் பேதி மருந்து உண்பதைப் போன்றது. சில ஊர்களில் இளைஞர்கள் அலமாரியில் போடும் பாச்சை உருண்டையைப் பெட்ரோலில் போடுகின்றனர். பெட்ரோல் ஆவியானதும் கரைந்த நாப்தலின் மீண்டும் திடப்பொருளாகி நுண்துளைகளை அடைக்கும். இதைப்பற்றி இதற்குமேல் பேச வேண்டியதில்லை.

எத்தனால் பற்றிப் பலர் அஞ்சுகின்றனர். 2023-இல் தொடங்கி 2025-க்குள் நாடெங்கும் பரவிய 20 விழுக்காட்டு எத்தனால் பெட்ரோல், பழைய வண்டிகளின் இரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் காலப்போக்கில் கெடுக்கக்கூடும் என்னும் கவலை பொருளற்றதன்று. அதற்குத் தீர்வு எத்தனாலைத் தாங்கும் இரப்பரை மாற்றிப் போடுவது, குப்பி அன்று. மைலேஜ் சற்றுக் குறைவது எத்தனாலின் வெப்பம் குறைவு என்பதனால் விளைவது. எந்தக் குப்பியும் இல்லாத வெப்பத்தை உண்டாக்கித் தராது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. அளவுக்கு மீறி நீர் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கிவிடும். அப்படிப் பிரிந்தபின் செய்யத்தக்கது ஒன்றே: வடித்துவிட்டுப் புதிது நிரப்புதல். மழைக்காலத்தில் வண்டியை நெடுநாள் நிறுத்திவைப்பவர்கள் டாங்கியை நிறைய வைத்துவிட்டுப் போவது நல்லது. வெற்றிடம் குறைந்தால் ஈரக்காற்றும் குறையும்.

லடாக்கிற்கு மோட்டார் சைக்கிளில் செல்லும் இளைஞர்கள் இப்போது பலர். மலையில் கிடைக்கும் பெட்ரோல் எப்படியோ என்று அஞ்சி, பையில் ஐந்தாறு ஆக்டேன் குப்பிகளைத் திணித்துச் செல்கின்றனர். இங்கே பௌதிகம் வேறு கூறுகின்றது. கர்துங் லா கணவாயின் உயரம் 5,359 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழப் பாதி. சிலிண்டருக்குள் புகும் காற்றே பாதியானால், அமுக்கத்தின் முடிவில் எழும் அழுத்தமும் அதற்கேற்பத் தாழும். தட்டும் வாய்ப்பும் தாழும். அமெரிக்காவின் மலை மாநிலங்களில் சமவெளியைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோல் விற்கப்படுவதற்கு இதுவே காரணம். உயரத்தில் வண்டி திணறுவது காற்றின் வறுமையால். பெட்ரோலின் வறுமையால் அன்று. அப்பையில் குப்பிகளுக்கு மாறாக ஒரு ஸ்பார்க் பிளக்கும், கிளச்சுக் கம்பியும், கம்பளிக் கையுறையும் இருக்கட்டும்.

உங்கள் வண்டி மெய்யாகவே தட்டுகின்றது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஓட்டும் முறையைப் பாருங்கள். நாலாம் கியரில், மெதுவேகத்தில், இருவரை ஏற்றிக்கொண்டு, முறுக்கியை முழுதும் திருகி மேம்பாலம் ஏறினால் எந்த எஞ்சினும் முறையிடும். ஒரு கியர் இறக்கினால் ஓசை நின்றுவிடும். நின்றுவிட்டால் செலவு ஒன்றுமில்லை. நிற்காவிட்டால், ஸ்பார்க் பிளக் கையேட்டில் கூறிய வகைதானா, எஞ்சின் எண்ணெய் அளவு சரியா, காற்றுக் குளிர்ச்சித் தகடுகளில் சேறு அப்பியிருக்கின்றதா என்று பாருங்கள். பழைய வண்டியானால் சிலிண்டருக்குள் கரி படிந்து இடத்தைக் குறைத்து, அமுக்கத்தைக் கூட்டியிருக்கும். அதை மெக்கானிக் துப்புரவு செய்ய வேண்டும். ஒரு குறிப்பிட்ட பங்கில் நிரப்பிய பின்னர் மட்டும் தட்டுகின்றது என்றால், பெட்ரோலில் மண்ணெண்ணெய் போன்றவை கலந்திருக்கலாம். மண்ணெண்ணெய் ஆக்டேன் எண்ணைப் படுகுழியில் தள்ளும்.

அங்கே உங்களுக்கு ஓர் உரிமை இருக்கின்றது. நம்மில் பலர் அதைக் கேட்பதில்லை. பங்கில் வடிதாள் சோதனை செய்துகாட்டும்படி கேட்கலாம். குழாய் வாயைத் துடைத்துவிட்டு வடிதாளில் ஒரு துளி விடுவார்கள். நல்ல பெட்ரோல் சுமார் இரண்டு நிமிடத்தில் கறையின்றி ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய் கலந்தது எண்ணெய்க் கறையை விட்டுச்செல்லும். அடர்த்தி அளக்கும் கருவியையும் கேட்கலாம். அன்றைய அடர்த்தியைப் பங்கில் எழுதி வைத்திருப்பார்கள், நீங்கள் அளந்ததோடு ஒப்பிடலாம். பின்னால் நிற்பவர்கள் ஒலிப்பானை அழுத்துவார்கள், அழுத்தட்டும். வடிதாள் உலர இரண்டு நிமிடம் போதும்.